காஜா மட்டும்தான் பாக்கி

சங்கரன்கோவிலில் சுயம்புலிங்கம் நாவல் எழுதுகிற விஷயம் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அதுகளுக்கும் விவரம் தெரிய ஆரம்பித்ததும் அவரே போய்ச் சொல்லிவிடுவார். நாவலின் பெயர் 'வாளரசன் வஞ்சினம்'. எழுதுகிறவர் பெயர் 'சங்கைச் சிம்மன்'. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஹெட்கிளார்க்காக இருக்கிற மனுஷன் எப்போது சிம்மன் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. ஆபீசில் அவர் கர்ஜித்ததாகத் தகவல் இல்லை. வீட்டில் கர்ஜிக்க அவசியமே வரவில்லை. அவர் எதைச் சொன்னாலும் சம்சாரம் முத்துத்தாய் சிரித்துவிடுவாள்.

கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மரியாதைக்கு, "நாவல் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டால் போதும். சுயம்புலிங்கம் சாம்பார்ச் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "முடிகிற தறுவாய்" என்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்து, படித்து முடித்து, அதுகளுக்குக் கலியாணம் ஆன பந்தியிலும் அது முடிகிற தறுவாயில்தான் இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவர் ஓர் எழுத்தாளர் வட்டம் ஆரம்பித்தார். மற்றவர்களை எழுத வைப்பதுதான் நோக்கம். தனக்கு அது தேவையில்லை என்று அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரத வீதியில் மம்மதுவின் தையல் கடையில் கூட்டம். மம்மது கடையநல்லூர்க்காரன், துப்பறியும் கதை எழுதுகிறவன். அவன் கதையில் கொலையாளி எப்போதும் சமையல்காரன்தான். அது முதல் அத்தியாயத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும், துப்பறிகிறவனுக்கு மட்டும் கடைசியில் தெரியும். இரண்டாவது ஆள் கனகமணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், ஞாயிறு காலை சர்ச், மாலை வட்டம். மூன்றாவது வெள்ளத்துரை. பூச்சந்தையில் கமிஷன் கடையில் இருந்துகொண்டு பூக்களைப் பற்றியே கவிதை எழுதுகிறவன். காலையில் எந்தப் பூ விலை ஏறுகிறதோ, சாயங்காலம் அந்தப் பூவுக்குக் கவிதை.

வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வாரத்துக்கு இரண்டு பக்கமாவது புதிதாக எழுதிக்கொண்டு வரவேண்டும். வராதவர்கள் கூட்டம் முடிகிறவரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆடித்தபசு முடிந்த வாரம் சுயம்புலிங்கமே கொண்டுவந்த தீர்மானம் இது. சங்கரனும் நாராயணனும் ஒன்றென்று காட்டச் சொல்லி நம் கோமதியம்மாள் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். நாம் தமிழுக்காக ஒரு சாயங்காலம் நிற்கக் கூடாதா என்று அவர் உருகியதில் வெள்ளத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சபையில் முழங்கால் போட்டுத்தான் பழக்கம், ஒற்றைக்கால் புதுசு என்றாள் கனகமணி. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. கனகமணி ஒரு வாரம் நைட் டியூட்டியால் எழுதாமல் வந்து, தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து தவறவே இல்லை. பூ வியாபாரம் சூடாகிற முகூர்த்த மாதங்களில் அடிக்கடி நின்று நின்று வெள்ளத்துரைக்கு இடது கெண்டைக்கால் மட்டும் தனியாகத் திரண்டுவிட்டது. ஆச்சரியம் மம்மதுதான். தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பொங்கலுக்குத் தருகிறவன், பொங்கலுக்குக் கொடுத்தால் பையன் வளர்ந்த பிறகு தருகிறவன், அத்தியாயத்தை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

தலைவர் நின்றதே இல்லை. முதல் வாரம் நாவலின் சமர்ப்பணத்தை வாசித்தார். அப்புறம் முன்னுரை. அப்புறம் என்னுரை. பிறகு நன்றியுரை. இன்னும் எழுதாத புத்தகத்துக்கு உதவியவர்கள் பட்டியலில் ஆபீஸ் வாட்ச்மேன்வரை இருந்தார்கள். பிறகு வாளரசனின் வம்சாவளி, பாட்டனுக்குப் பாட்டனிலிருந்து. கேட்டவர்கள் பக்தியோடு கேட்டார்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிறு, வாளரசனின் தாய்மாமன் வழியை அவர் வாசித்து முடித்ததும் கனகமணி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்த வாளரசன் எப்ப வருவாரு? டிரங்க்கால் போட்டவங்ககூட இவ்வளவு நேரம் லைன்ல காத்துக் கெடக்கமாட்டாங்க."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் சுயம்புலிங்கத்துக்குக் கஷ்டமாகப் போயிற்று. கேலி என்றால் கோபித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம்.

"நாவல் எப்பவோ முடிஞ்சாச்சும்மா," என்றார். "அங்கங்க கொஞ்சம் செப்பனிடணும். அது மட்டும்தான் பாக்கி."

காலருக்குப் பட்டன் தேடிக்கொண்டிருந்த மம்மது சட்டென்று நிமிர்ந்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்த குரல். "எல்லாம் முடிஞ்சாச்சு, காஜா மட்டும்தான் பாக்கி" என்று ஊரில் பாதிப் பேரிடம் அவன் சொல்லியிருக்கிறான். அப்படிச் சொன்ன அத்தனை சமயமும் துணி அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது.

கூட்டம் கலைந்து, ரத வீதியில் சுயம்புலிங்கத்தோடு நடக்கும்போதுதான் கேட்டான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. துணி இன்னும் வெட்டலைல்லா?"

சுயம்புலிங்கம் தீபாவளிக்குக் கொடுத்திருந்த சட்டைத் துணியைப் பற்றி அவன் சொல்கிறான் என்று முதலில் நினைத்தார். பிறகு புரிந்தது. இது வரம்பு மீறின பேச்சு என்று சொல்ல வாயெடுத்தார். தேரடி தாண்டும்வரை அந்த வாக்கியம் வரவில்லை. தேரடி தாண்டியதும், "வெட்டல வே," என்றார்.

"உங்க சட்டையும் வெட்டலை," என்றான் மம்மது. அவர் ஒன்றைச் சொன்னதற்குத் தானும் ஒன்றைச் சொல்வதுதான் நியாயம் என்று அவனுக்குப் பட்டது.

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு அவர் கதையில் இரண்டு பக்கம் கொண்டுவர வேண்டும். அவன் சட்டையைக் கொண்டுவர வேண்டும். ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சுயம்புலிங்கம் குளித்துத் திருநீறு பூசி மேஜைமுன் உட்கார்ந்தார். முத்துத்தாய் அடுப்படியிலிருந்து, இன்றைக்கு ஆபீசில் என்ன கூத்து என்று கேட்டாள். தினமும் அவர் சொல்லி அவள் சிரிப்பது வழக்கம். கலைமகள் இறங்குகிற நேரத்தில் ஆபீஸ் பேச்சா என்று அதட்டிவிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வாளரசன் குதிரையில் ஏறினான். அது வரைக்கும் நன்றாக வந்தது. அப்புறம் அவனை இறக்கத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையும் குதிரையில் இருந்தான். ராஜாக்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள், இட்லியா, என்று ஒரு சந்தேகம் வந்து புதன்கிழமையைத் தின்றுவிட்டது. வியாழக்கிழமை ஒருவழியாக எழுதிப் படித்துப் பார்த்தால் இப்படி இருந்தது: "மேற்படி அரசன் மேற்படி குதிரையின்மீது அமர்ந்து, எதிரியின் நடவடிக்கை குறித்துத் தக்க மேல்நடவடிக்கை எடுக்க உத்தேசித்தான்." வருஷக்கணக்காக ஆபீஸ் குறிப்பு எழுதின கை. அதற்கு வேறு தமிழ் தெரியவில்லை.

ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் மம்மது கடையை ஒரு பார்வை பார்ப்பார். அலமாரியில் அவருடைய சந்தன நிறத் துணி மடிப்போடு இருக்கும். மனசு குளிர்ந்துபோகும். மம்மதுவும் மிஷினை மிதித்தபடி, "ஆச்சா அண்ணாச்சி?" என்பான். அவர் இல்லை என்று தலையாட்டினால் அவன் முகத்திலும் ஒரு குளிர்ச்சி தெரியும். இப்படியே போயிருந்தால் இருவருமே நிம்மதியாக வாக்குத் தவறியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அலமாரியில் துணியைக் காணோம்.

சுயம்புலிங்கம் திரும்பி வந்து இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். வெட்டிவிட்டான். சட்டையே தைக்காதவன் தைக்கப் போகிறான், நாவலாசிரியர் நாவல் எழுதவில்லை. நாளை மறுநாள் கனகமணி அந்தச் சாந்தமான முகத்தோடு தன்னைப் பார்ப்பாள். ஒற்றைக் காலில் நிற்பது பெரிதில்லை. இந்த வாரம் நின்றால், அடுத்த வாரமும் நிற்க வேண்டிவரும், அதற்கடுத்த வாரமும். கடைசியில் ஊருக்குத் தெரிந்துவிடும், சிம்மனின் குகையில் ஒன்றுமே இல்லை என்று. ஊர் கிடக்கிறது, அவருக்கே தெரிந்துவிடும். எழுத வருமா என்று தன்னையே கேட்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை வருஷமும் 'முடிகிற தறுவாய்'.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும், பனவடலிசத்திரத்தில் மச்சினனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தன் தம்பியைப் பார்க்க இவர் ஆசைப்பட்டு முத்துத்தாய் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாதென்று சோடாக் கடைக்குப் பின்னால் போய் ஒதுங்கினார். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் ஒதுங்கி இருந்தான்.

"என்ன வே மம்மது, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்லா?"

"கடையநல்லூருல மாமிக்குச் சொகமில்ல அண்ணாச்சி."

"எந்த மாமி?"

மம்மது கொஞ்சம் யோசித்தான். "நீங்க எங்க போறீய?"

"பனவடலிசத்திரம். மச்சினன் வீட்டுல விசேஷம்."

"என்ன விசேஷம்?"

இப்போது சுயம்புலிங்கம் யோசித்தார். யோசிக்கும்போது பார்வை மம்மது பையில் விழுந்தது. உள்ளே சந்தன நிறத்தில் துணி, மடிப்புக் கலையாமல்.

"ஏலே, நீயும் வெட்டலியா?"

"நீங்க தெனமும் வந்து அலமாரியவே பாக்கீய. அதான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

பனவடலிசத்திரம் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுகிறவர்களை அவசரப்படுத்தினான். சுயம்புலிங்கம் ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். இந்தப் பஸ்ஸில் ஏறினால் இனிமேல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடை வாசலை மிதிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு வரவே வராதோன்னு பயமா இருக்கு வே," என்றார். இதை அவர் முத்துத்தாயிடம்கூடச் சொன்னதில்லை.

"எனக்கும் அதே பயந்தான்," என்றான் மம்மது. "நல்ல துணி அண்ணாச்சி இது. கத்தரிய வச்சாக் கெட்டுப்போயிருமோன்னுதான் வைக்கல."

பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கலர் சோடா குடித்தார்கள். கடைச் சாவி மம்மதுவின் இடுப்பில் இருக்கிற விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, கனகமணியும் வெள்ளத்துரையும் பூட்டின கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்காக அவள் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். எழுதின தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் சுயம்புலிங்கம் நாற்காலியில் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். மம்மது அத்தியாயத்தை ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தும், சட்டைக்காக நிற்கிறேன் என்று எதிர்க் கதவைப் பிடித்துக்கொண்டான். கோவில் வாசலில் துவாரபாலகர்கள் மாதிரி இருந்தது. வெள்ளத்துரைக்குத் தன் இடத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒற்றைக் காலில் நிற்கிற மனுஷனால் சும்மா நிற்க முடியாது. கால் நடுங்குவதை மறைக்க சுயம்புலிங்கம் பேச ஆரம்பித்தார். வேறு எதுவும் தோன்றாததால், இந்த வாரம் முத்துத்தாயிடம் சொல்லாமல் விட்ட ஆபீஸ் கதையைச் சொன்னார். அரசாங்கம் ஏழைகளுக்குக் கடனில் கொடுத்த ஆடுகளைப் பார்வையிட மேலதிகாரி ஜீப்பில் வருகிறார். பாதி ஊர்களில் ஆடு என்றைக்கோ குழம்பாகிவிட்டது. ஒரே மந்தையை ஊருக்கு ஊர் குறுக்குப் பாதையில் ஓட்டிக்கொண்டு போய், ஜீப்புக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். முதல் ஊரில் அதிகாரி ஒரு காது கறுத்த வெள்ளாட்டுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துவிட்டார். அடுத்த ஊரில் அது அவரை உற்றுப் பார்த்தது. அதற்கடுத்த ஊரில் மந்தையை விட்டு நேராக வந்து அவர் பேண்ட் பாக்கெட்டை முகர்ந்தது. அதிகாரி தன் அறிக்கையில் எழுதினார்: இவ்வட்டார ஆடுகள் அலுவலர்களுடன் மிகுந்த ஒத்துழைப்புடன் பழகுகின்றன. அதைத் தட்டச்சுக்கு அனுப்பியவர் நம் ஹெட்கிளார்க்தான்.

கனகமணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மம்மது சிரித்ததில் தூக்கின காலைக் கீழே போட்டுவிட்டான். வெள்ளத்துரை அந்த ஆட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டான். சுயம்புலிங்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. வம்சாவளிக்கு அசையாத ஆட்கள் ஆட்டுக்கு இப்படி விழுகிறார்கள்.

"இத எழுதிக்கிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள் கனகமணி.

"ஆட்டையா?"

"ஆமா. அடுத்த ஞாயிறு. நான் டியூட்டி மாத்தி வச்சுருவேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் முத்துத்தாயை மேஜைப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். வாளரசனிடம் செல்லாத ஆபீஸ் தமிழ் ஆட்டிடம் செல்லுபடியாயிற்று. "மேற்படி ஆடு மேற்படி அலுவலரைக் கண்டு, முன்பு பெற்ற தோல் சம்பந்தமாக மேல்நடவடிக்கை எதிர்பார்த்து நின்றது" என்று எழுதி வாசித்துக் காட்டினார். முத்துத்தாய் வாயைப் பொத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் கடைக்குள் நுழையும்போதே மம்மது சட்டையை விரித்துப் பிடித்தான். காலர், கை, பாக்கெட் எல்லாம் இருந்தது. பட்டன் மாட்டத் துளைகள் மட்டும் இல்லை.

"காஜா மட்டும்தான் பாக்கி அண்ணாச்சி," என்றான். "சத்தியமா."

சுயம்புலிங்கம் அங்கேயே அதைப் போட்டுக்கொண்டார். முன்பக்கம் பிரிந்துவிடாமல் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையில் தாள்களை எடுத்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றார். ஆட்டுக் கதைக்கும் எழுதியிருந்த சமர்ப்பணத்தை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். கனகமணி பார்த்த பார்வையில் அந்தத் தாளை அடியில் செருகிவிட்டு, நேராக ஆட்டுக்கு வந்தார்.