பெரியவள் வீட்டுச் சுவர்

பெரியவள் கையில் கிடைத்த எதுவும் வீணாகப் போகாது என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். முட்டை வாங்கி வரும் அட்டைத் தட்டை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அவள் அதைக் குழி குழியாக வெட்டி, ஓரங்களை இதழ் போலக் கிழித்து, வண்ணம் தீட்டிப் பூவாக்கிவிடுவாள். கிழிந்த படுக்கை விரிப்பு அவளிடம் போனால், தடித்த அட்டையில் இழுத்து ஒட்டிய படமாகச் சுவரில் ஏறியிருக்கும். காலிப் புட்டிகளில் சணல் கயிறு சுற்றியிருப்பாள். காலணி வந்த பெட்டிகளை அடுக்கி, மேலே தாள் ஒட்டி, சின்ன அலமாரி செய்திருப்பாள்.

மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள், அதுவும் வாடகை வீடு. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

"இவ்வளவும் நீயே பண்ணினதா?"

"செலவே இல்ல. எல்லாம் வீட்டுல கிடந்ததுதான்" என்பாள் பெரியவள்.

அவள் கணவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். "எங்க வீட்டுல எதையும் சும்மா வைக்க முடியாது. அசந்தா என்னையும் வெட்டி ஒட்டிடுவா."

எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு மருந்துக் கடையில் வேலை. வயதானவர்களுக்கு மாத்திரை வேளைகளைப் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அப்பா போன பிறகு இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று அம்மா வாய் ஓயாமல் சொல்வாள். பெரியவளின் தங்கை சின்னவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சின்னவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, நூல் விட்ட இடத்தையும் கோணிய தையலையும் கண்டுபிடித்து ஒதுக்குவது. குறை பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் என்று தோழிகள் கேலி செய்வார்கள். தொழிற்சாலை ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியபோது, தினமும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக முடியாமல், அருகிலேயே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். புதிதாக வெள்ளையடித்த அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மருத்துவமனை மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது.

"அக்கா, வந்து உன் கைவரிசையைக் கொஞ்சம் காட்டிட்டுப் போயேன்" என்று போனில் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவள் வந்தாள். தோளில் பெரிய பை. அதற்குள் சணல் கயிறு, பசை டப்பா, துணித் துண்டுகள், கத்தரிக்கோல், தூரிகைகள். பையை இறக்கி வைத்துவிட்டு உட்காரக்கூட இல்லை. உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தாள். இரண்டு மூன்று இடங்களில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். கதவை இழுத்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"எங்கடி ஓட்டை?" என்றாள்.

"எந்த ஓட்டை?"

"அதான், மறைக்க வேண்டியது எது?"

"ஒண்ணையும் மறைக்க வேணாங்கா. பார்க்க அழகா இருந்தா போதும்."

பெரியவள் கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. ஏதோ தெரியாத ஊரில் வழி கேட்டு நிற்பவளைப் போல இருந்தது அவள் முகம். பிறகு சிரித்துவிட்டு, "பழக்க தோஷம். எங்க வீடு பழசு பாரு, சுவர் அங்கங்க பெயர்ந்து கிடக்கும்" என்றாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கட்டிலுக்கு மேலே மாட்ட ஒரு துணிப்படம். ஜன்னல் ஓரத்துக்குக் கயிறு சுற்றிய புட்டிகள். பெரியவளின் விரல்கள் வழக்கம்போல வேகமாகத்தான் ஓடின. ஆனால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போதெல்லாம் இடது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பல்லால் கடித்து இழுத்தாள். என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர்க் குடம் தூக்கியபோது சுளுக்கிக்கொண்டது என்றாள். வெயில் கொளுத்திய நாள். முழுக்கைச் சட்டையை அவள் மடித்துவிடவே இல்லை.

அவள் போன பிறகு அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'எங்கடி ஓட்டை' என்ற கேள்வி சின்னவளை விடவில்லை. மறுநாள் விளக்கடியில் சட்டைகளைப் புரட்டும்போதும் அதே நினைப்பு. அக்கா வீட்டில் எல்லாமே சுவரில் ஏன் இருக்கிறது? பெரிய கண்ணாடி கதவைத் தாண்டியதும் ஏன் மாட்டியிருக்கிறது? யாரும் தலை சீவ நிற்காத இடம் அது. ஒரு படம் முழங்கால் உயரத்தில் தொங்குகிறதே, அந்த உயரத்தில் யார் படம் மாட்டுவார்கள்? அன்றைக்கு நூல் விட்ட சட்டை ஒன்றைச் சரி என்று தள்ளிவிட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அக்கா மறந்து வைத்துப்போன கத்தரிக்கோலைக் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனாள். மத்தியான நேரம். அத்தான் கடையில் இருந்தார். பெரியவள் அவளை உட்கார வைத்துவிட்டு, "பால் இல்ல. கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனாள்.

செருப்புச் சத்தம் படியில் தேய்ந்ததும் சின்னவள் எழுந்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள்.

அந்தக் கட்டடத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது பேருக்குத்தான் சுவர். மரச்சட்டத்தில் அடித்த வெறும் சுண்ணாம்பு அட்டை. அதில் ஒரு கை முட்டி புகும் அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் உள்பக்கமாக நொறுங்கியிருந்தது. அவள் பக்கத்துப் படத்தைத் தூக்கினாள். அங்கும் ஒன்று. புட்டிகள் நின்ற பலகைக்குப் பின்னால் ஒன்று. படுக்கையறைக் கதவில் பூ ஒட்டிய அட்டையைக் கழற்றினாள். மெல்லிய பலகை பிளந்திருந்தது. இத்தனை வருடமாக வாயாரப் புகழ்ந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒன்று இருந்தது.

கடைசியாக அந்த முழங்கால் உயரப் படம். அதன் பின்னால் ஓட்டை இல்லை. கிண்ணம் போல ஒரு குழிவு. தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் தலை படும் உயரம். விரிசலில் நீளமாக ஒரு முடி சிக்கியிருந்தது.

சின்னவள் அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் பாலோடு வந்து கதவைத் திறந்தபோதும் அப்படியேதான் இருந்தாள்.

பெரியவள் கத்தவில்லை, அழவுமில்லை. பாலை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து அதன் ஆணியில் மாட்டினாள். "ஒரு பக்கம் புடி. கனம்" என்றாள்.

"எத்தனை நாளா அக்கா?"

"கல்யாணம் ஆன வருஷமே. முதல்ல கதவுதான். அப்ப வீட்டுக்காரம்மா பார்க்க வர்றதா சொன்னாங்க. என்ன செய்யறதுன்னு தெரியல. கையில அட்டையும் பசையும் இருந்துது. ஒட்டினேன். அந்தம்மா வந்து பார்த்துட்டு, எவ்வளவு அழகா இருக்குன்னாங்க." படத்தின் தூசியை முழங்கையால் துடைத்தாள். "சுவத்துல படறது நல்லதுதானே. சுவத்துக்கு வலிக்காது."

"எல்லாமே சுவத்துலயா பட்டுது?"

பெரியவள் அடுத்த படத்தை எடுத்து மாட்டினாள்.

"இப்பவே அம்மாகிட்ட சொல்றேன்" என்று சின்னவள் போனை எடுத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்."

"என்னது?"

"அந்தக் கண்ணாடிய வாங்கித் தந்ததே அம்மாதான். பெருசா ஒண்ணு மாட்டிடு, வர்றவங்க போறவங்க கண்ணுல படாதுன்னாங்க. கோபம் வந்தா ஆம்பளைங்க அப்படித்தான், உங்கப்பாவுக்கும் கை நீளும்னாங்க."

அப்பாவின் கை நீண்டது சின்னவளுக்கு நினைவில்லை. அல்லது வீட்டில் யாரோ அவள் நினைவில் பதியாதபடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கிளம்புக்கா. போட்டிருக்கிற துணியோட கிளம்பு."

"கிளம்பி? உன் ஒற்றை அறையில எத்தனை நாள்? அவர் உன் கம்பெனி வாசல்ல வந்து நிப்பாரு. சத்தம் போட மாட்டாரு. சும்மா நிப்பாரு. உன்னால தாங்க முடியாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே சாவி திரும்பியது. தலைவலி என்று அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் வந்திருந்தார் அத்தான். சின்னவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடே, எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தவர் கண்ணாடி முன்னால் நின்றார். அதன் கீழ் மூலையில் ஒற்றை விரலை வைத்து லேசாகத் தள்ளினார்.

"சாய்ஞ்சிருக்கு" என்றார்.

பிறகு சின்னவளுக்குத் தேநீர் போட்டுத் தந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிடவா என்று கேட்டார். சின்னவள் வேண்டாம் என்றாள். அக்காவின் கண்கள் கதவைக் காட்டிக்கொண்டே இருந்தன. போய்விடு என்கிறாள் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான், தான் அங்கே அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எதிர்ப்பக்கம் பேருந்து வரவே இல்லை. நடந்தாள், பிறகு ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது கட்டட வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் போனில் மருத்துவமனை வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் படிக்கட்டின் வளைவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அத்தான் அவளருகே குந்தி, நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "படியில தடுக்கி விழுந்துட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் நிதானமாகச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்.

"விழல" என்றாள் சின்னவள். "தள்ளியிருக்காரு. மேல வீட்டுக்குள்ள வந்து சுவத்தைப் பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க."

ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் மாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுக்கு நேர் மேலேதான் பெரியவள் வீடு. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்தார்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து கேட்டபோது, பெரியவள் கூரையைப் பார்த்தபடி, "தள்ளினாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அவரை அழைத்துப் போனார்கள், விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். வழக்கு நடக்கும் என்றார்கள். அவர் பழையபடி கடைக்குப் போய் மாத்திரை வேளைகள் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது.

சின்னவள் அக்காவைத் தன் அறைக்குக் கூட்டி வந்தாள். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தாள். ஒருநாள், சாதாரணமாக ஏதோ பேசிக்கொண்டிருந்த இடத்தில், வாய் தவறியது போலக் கேட்டாள்.

"நான் அந்தக் கண்ணாடியத் தொடாம இருந்திருந்தா…"

"அதனால இல்லடி" என்றாள் பெரியவள். "குழம்புல உப்பு கூடியிருந்தாலும் இதுதான். நீ தொட்டதால, நீ திரும்பி வந்தே. இல்லேன்னா யாரும் வந்திருக்க மாட்டாங்க."

அப்படிச் சொன்னாளே தவிர, தேறிவிடவில்லை. கை கூடிய பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் நழுவியது. கீழ் வீட்டில் கதவு அறைந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து நின்றுவிடுவாள். பகலெல்லாம் தூங்கினாள். தொழிற்சாலை வாசலில், அவள் சொன்னது போலவே, ஒரு மாலை அத்தான் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. சின்னவள் தோழிகளுக்கு நடுவே அவரைத் தாண்டி நடந்து போனாள்.

ஒரு ஞாயிறு அம்மா வந்தாள். கையில் பெரியவளின் துணிமணிகள் இருந்த பை. இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அறை சின்னது என்றாள், காற்று வருகிறது என்றாள். யாரும் பேச்சு கொடுக்காததால் கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"நேத்து மாப்பிள்ளை போன் பண்ணினாரு. ஒரு மணி நேரம் அழுதாரு. இனிமே சத்தியமா…"

"அழுவாரு" என்றாள் பெரியவள். வலது கையால் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாவே அழுவாரு."

"நான் என்னடி செய்ய முடிஞ்சிருக்கும்? உங்கப்பாகிட்ட இருந்து நான் எங்க போனேன்? எனக்கு யாரு வந்தா?"

அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்தது. சின்னவள் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போய்த் தோளைத் தொடலாமா என்று நினைத்தாள். அக்காவைப் பார்த்தாள். பெரியவள் தலை நிமிரவில்லை. ரொட்டி முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா பேருந்து நேரம் வரை உட்கார்ந்திருந்தாள். இருந்துவிட்டுப் போ என்று இரண்டு மகள்களும் சொல்லவில்லை.