பெல்ட் இல்லாத படம்

படத்தை எடுத்தவன் யார் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் ஒல்லியின் வேலை போய்விடும். தெரியாமலே போனால், இடுப்பு உடைந்து கிடக்கும் அவன் மாமாவைப் பற்றித் தன் கவனக்குறைவால் தானே விழுந்தவர் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிவிட்டால் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்காது. எழுந்து நடந்தாலும் மறுபடி வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். விசாரணை மறுநாள் காலை.

அக்கா அவனை ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஒல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?”

தன் வேலையும் போய்விட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பெரிய வழியில்லை என்றான் ஒல்லி. அதில் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவரைப் பெல்ட்டைக் கழட்டச் சொன்னப்ப அடுப்பைப் பத்தி நீ யோசிச்சியாடா?”

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. வார்டுக்குள் போய்விட்டாள்.

ஒல்லியும் மாமாவும் சாரம் கட்டுகிற ஜோடி. உயரமான கட்டடங்களுக்கு வெளிப்புறத்தில் இரும்புக் குழாயை நிறுத்தி, குறுக்கே குழாய் போட்டு, கிளாம்ப் முடுக்கி, பலகை அடுக்கி மேலே மேலே போவார்கள். மாமா குழாயைப் பிடிப்பார், ஒல்லி முடுக்குவான். ஒல்லி என்ற பெயரை வைத்ததும் மாமாதான். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், சாரக் குழாய்க்குக் கை கால் முளைத்தால் என் மச்சினன் மாதிரிதான் இருக்கும் என்று ஊர் சிரிக்கச் சொன்னார். ஒட்டிக்கொண்டது.

உச்சித் தட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருப்பார்கள். சூப்பர்வைசருக்கு ரெண்டு மாடி ஏறினாலே நாக்கு வெளியே வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் ஒல்லி சாப்பாட்டுப் பைக்குள் ஒரு பழைய கேமராவை ஒளித்து வைத்துக் கொண்டுபோவான். சைட்டுக்குள் படம் எடுக்கக் கூடாது என்று கேட்டிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். பிடிபட்டால் கேள்வி கிடையாது, வெளியே போக வேண்டியதுதான்.

இணையத்தில் படம் விற்கிற ஏஜென்சி ஒன்றில் அவன் கணக்கு வைத்திருந்தான். புனைபெயரில்தான். நாம் படங்களை ஏற்றிவிட்டால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பங்கை ஏஜென்சி எடுத்துக்கொண்டு நமக்குச் சில்லறை போடும். கூலிக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் சரக்கை உள்ளே விடுவதற்கே அவர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதுதான் தாங்காது. புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று திருப்புவார்கள். சாய்ந்திருக்கிறது என்பார்கள். சாய்க்காமல் எடுத்தால் இதே மாதிரி எங்களிடம் ஏராளம் இருக்கிறது என்பார்கள். திரும்பி வந்த படங்களின் குறைகளை ஒல்லி படித்துக் காட்டும்போது மாமா குழாயில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

“உங்கக்காகூட என்கிட்ட இத்தனை நொட்டை கண்டுபிடிச்சதில்ல மாப்ளே.”

எல்லாவற்றையும்விடப் பெரிய நொட்டை பெல்ட்தான். உயரத்தில் வேலை செய்கிறவன் உடம்பில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட். தோள்பட்டை, மார்பு, இடுப்பு, தொடை என்று எங்கெல்லாம் பட்டை ஓடுகிறதோ அங்கெல்லாம் அதைத் தயாரித்தவன் தன் பெயரை மஞ்சள் எழுத்தில் அச்சடித்திருந்தான். எந்தக் கம்பெனியின் பெயரோ முத்திரையோ படத்தில் தெரியக் கூடாது என்பது ஏஜென்சியின் சட்டம். மாமாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த எழுத்து வந்து நின்றது. கம்ப்யூட்டரில் வைத்து அழித்துப் பார்த்தான். தோளில் புண் வந்து ஆறின தழும்பு மாதிரி ஆகிவிட்டது. அதுவும் திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், வெயில் நல்ல பக்குவத்தில் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது, கேட்டுவிட்டான்.

“மாமா, ஒரே ஒரு நிமிஷம். பெல்ட்டைக் கழட்டிடுங்க.”

“அக்காவுக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டியா?”

சொல்லிக்கொண்டே கழற்றினார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே தெரிந்த தெருக்களைப் பார்த்தார். எத்தனை வருஷமானாலும் உடம்பில் பெல்ட் இல்லாமல் அங்கே நின்றால் அடிவயிறு கூசும். கூச்சத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று அவர் தாடையை இறுக்கினார். படத்தின் அழகே அந்தத் தாடைதான். மாமாவுக்குப் பின்னால் வானத்தின் குறுக்கே பாதுகாப்புக் கயிறு ஒன்று ஓடியது. பெல்ட்டின் கொக்கியை அதில்தான் மாட்ட வேண்டும். வீட்டுக்குப் போனதும் ஒல்லி அதையும் துடைத்து எடுத்துவிட்டான். வானம் சுத்தமாகிவிட்டது.

முகத்தை விற்கச் சம்மதம் என்று ஏஜென்சி கேட்ட தாளில் மாமா சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. படத்துக்குத் தலைப்பு வைப்பது ஒல்லியின் வேலை. தேடுகிறவன் கண்ணில் படும்படி சொற்களைப் போடாவிட்டால் எப்பேர்ப்பட்ட படமும் குப்பைதான். தொழிலாளி, வானம், உயரம் என்று போட்டால் அதே சொற்களோடு லட்சம் படம் வரிசையில் நிற்கும். வாங்குகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அவன் ஒரு தலைப்பு வைத்தான்: பாதுகாப்பு பெல்ட் அணியாமல் வேலை செய்யும் கவனக்குறைவான தொழிலாளி.

அந்தத் தலைப்பை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

படம் உடனே ஏற்கப்பட்டது. அவன் ஏற்றியதிலேயே ஓடிய படம் அது ஒன்றுதான். யார் யாரோ வாங்கினார்கள். கட்டட சைட்டுகளுக்கு எச்சரிக்கை போஸ்டர் அச்சடித்துக் கொடுக்கும் ஒருவனும் வாங்கியிருக்கிறான் என்பது, போஸ்டர் அவர்கள் சைட் ஆபீஸ் சுவருக்கே வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது. ‘இவரைப் போல் இருக்காதீர்கள்’ என்ற வரிக்குக் கீழே மாமா தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார். ஆட்கள் கூடி நின்று சிரித்தார்கள். ஹீரோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய சைட்டில் எவனோ எடுத்தது என்று சேஃப்டி ஆபீசரிடம் சொல்லி மாமா தப்பித்துக்கொண்டார். ஒல்லியும் சேர்ந்து சிரித்தான்.

மாமா விழுந்த அன்று ஒல்லியைக் கீழே லாரியிலிருந்து குழாய் இறக்க அனுப்பியிருந்தார்கள். மேலே மாமாவோடு இருந்தவன் புதிதாக வந்தவன். மாமா சறுக்கியதும் கயிறு அறுந்தது என்று அவன் கத்திக்கொண்டு இறங்கி வந்ததை ஒல்லி தன் காதால் கேட்டான். மாமா இரண்டு தட்டுக்குக் கீழே குறுக்குக் குழாயில் அடிபட்டுப் பலகையில் கிடந்தார். அவரால் மூச்சு விட முடியவில்லை என்று தூக்கியவர்கள் ஒல்லியின் கண்ணெதிரே பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார்கள். அந்தப் பெல்ட்டை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. புதிதாக வந்தவனை வேறு ஊர் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தூக்கியவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் மழுங்கிவிட்டது. பெல்ட் போட்டிருந்தார் என்று சொல்ல மிச்சமிருந்தவன் ஒல்லி மட்டும்தான். மாமனுக்கு மச்சினன் சொல்வதெல்லாம் ஒரு சாட்சியா என்று மேனேஜர் கேட்டார். அந்த ஆள் பெல்ட்டே போட மாட்டார் என்றும், அதற்குத் தன்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்றும் சொன்னார். சுவரிலிருந்த போஸ்டர் ஃபைலுக்குள் போயிற்று.

அக்கா ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம், வீட்டுக்குப் போனதும் ஒல்லி படத்தை ஏஜென்சியிலிருந்து எடுத்துவிடப் பார்த்தான். நீக்கச் சில வாரம் ஆகும், ஏற்கெனவே வாங்கியவர்களை அது கட்டுப்படுத்தாது என்று பதில் வந்தது. தலைப்பையாவது மாற்றலாம் என்று பார்த்தால் ஏற்கப்பட்ட படத்தின் தலைப்பைத் தொட வழியில்லை. மாமா சொன்னதுதான் அவனை இன்னும் அரித்தது. நகர முடியாமல் படுத்தபடியே, உன் பேரை என் வாயால் எடுக்க மாட்டேன், நீ போய் வேலையைப் பார் என்று அவர் சொல்லியிருந்தார். திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

திரும்பி வந்த படங்களை ஒல்லி அழித்ததில்லை. என்றைக்காவது சரிசெய்து மறுபடி ஏற்றலாம் என்ற நப்பாசை. அத்தனையையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினான். சொல்லப்போகிறானா என்று அப்போதும் அவனுக்கே தெரியாது.

விசாரணை சைட் ஆபீசில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், பக்கத்தில் சேஃப்டி ஆபீசர். ஒல்லி கதவோரம் நின்றான். பெல்ட் போட்டுத்தான் மாமா மேலே போனார் என்று அவன் சொன்னதை ஆய்வாளர் எழுதிக்கொண்டார். முகத்தில் நம்பியதாகவும் இல்லை, நம்பாததாகவும் இல்லை. கட்டடம் தொடங்கியதிலிருந்து சைட்டில் எல்லாக் கயிறும் புதுசு என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்ததையும் ஃபைலில் புரட்டிப் பார்த்தார். பிறகு மேனேஜர் போஸ்டரை விரித்து மேசையில் போட்டார். கூடவே ஏஜென்சி பக்கத்தை அச்செடுத்த தாள்.

“நாங்க சொல்லலை மேடம். படம் எடுத்தவனே எழுதியிருக்கான், பாருங்க. கவனக்குறைவான தொழிலாளி. கூட நின்னு பாத்தவனுக்குத் தெரியாதா?”

ஆய்வாளர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். தான் எழுதிய சொல் இன்னொருத்தர் வாயிலிருந்து வரும்போது ஒல்லிக்கு அது மாமாவின் பெயர் மாதிரியே கேட்டது.

“அதை எழுதினது நான்தாங்க.”

மேனேஜர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒல்லி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று அவனுக்குத் தெரியும். பெல்ட்டில் இருந்த எழுத்து, திரும்பி வந்த படங்கள், கழற்றச் சொன்னது, விலை போகும் என்று அந்தத் தலைப்பை வைத்தது, எல்லாவற்றையும் கொட்டினான். பென் டிரைவை எடுத்து வைத்தான்.

சேஃப்டி ஆபீசர் முட்டாளில்லை. இவன் சொல்வது நிஜமாகவே இருக்கட்டும், அந்தப் படம் ஜோடனை என்றே வைத்துக்கொள்வோம், விழுந்த அன்று பெல்ட் போட்டிருந்தார் என்று அது எப்படிக் காட்டும் என்று கேட்டார். ஒல்லி பென் டிரைவை ஆய்வாளர் பக்கம் நகர்த்தினான். எத்தனை நாள் போட்டிருந்தார் என்பதை மட்டும்தான் தன்னால் காட்ட முடியும் என்றான்.

ஆய்வாளர் சொல்ல, ஒல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தான். ஒன்றன்பின் ஒன்றாக மாமா வந்தார். குழாயைத் தூக்கும் மாமா, பீடிக்கு நெருப்புத் தேடும் மாமா, கண்ணை மூடிவிட்ட மாமா, படம் எடுத்தது போதும் முடுக்குடா என்று திட்டிக்கொண்டிருக்கும் மாமா. எல்லாவற்றிலும் தோளின் குறுக்கே மஞ்சள் எழுத்து. சந்தைக்கு ஆகாதவை என்று தள்ளப்பட்டவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிறுத்துங்க,” என்றார் ஆய்வாளர். “பின்னாடி இருக்கிறதைப் பெருசாக்குங்க.”

ஒல்லி பெரிதாக்கினான். மாமாவின் காதுக்குப் பக்கத்தில் அந்தக் கயிறு. நடுவில் பிரி பிரியாகப் பிய்ந்து, காங்கிரீட் கம்பிகளைக் கட்டும் மெல்லிய கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது. தினமும் கொக்கியை மாட்டிய கயிறுதான். மாட்டினோமா என்று பார்த்தானே தவிர, எதில் மாட்டினோம் என்று ஒரு நாளும் அவன் பார்த்ததில்லை.

“இந்தக் கயிறு போஸ்டர்ல இல்லையே?”

“வானத்துக்குக் குறுக்க இருந்துச்சுங்க. நான்தான் அழிச்சேன்.”

படம் எடுத்த தேதியை ஆய்வாளர் பார்த்தார். மாமா விழுவதற்குச் சில மாதம் முந்தைய தேதி. பிறகு மேனேஜர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இந்தக் கயிறு புதுசா என்று சேஃப்டி ஆபீசரைக் கேட்டார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். இல்லை மேடம், இது போட்டிருக்கவே கூடாத கயிறு என்றார் சேஃப்டி ஆபீசர், அவர் பக்கம் திரும்பாமல்.

ஆய்வாளர் அங்கே எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. ஏஜென்சி கழித்த படங்கள் அத்தனையும் தனக்கு வேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது என்றார். அறுந்த கயிற்றின் துண்டு எங்கே என்றும், மாற்றி அனுப்பிய ஆளின் விலாசம் என்ன என்றும் மேனேஜரிடம் கேட்க ஆரம்பித்தார். இரண்டு கேள்விக்கும் மேனேஜர் பார்த்துச் சொல்கிறேன் என்றே சொன்னார்.

ஒல்லி வெளியே வந்தபோது மேனேஜர் வாசல்வரை பின்னால் வந்தார்.

“சைட் ரூல் தெரியுமில்ல? ஸ்டோர்ல சாமானைக் குடுத்துட்டு, கேட்ல கார்டைக் குடுத்துட்டுப் போ.”

தெரியும் என்று தலையாட்டினான். கெஞ்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்டோரை நோக்கி நடந்தான்.

கேட்டுக்கு வெளியே அக்கா நின்றிருந்தது கம்பி வழியாகத் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் கேள்வியாக முகத்தைத் தூக்கினாள். சொல்லிவிட்டேன் என்று தலையசைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஸ்டோர்காரர் ஹெல்மெட்டை வாங்கி வைத்தார். ஸ்பானரை வாங்கினார். பெல்ட்டுக்குக் கை நீட்டினார். ஒல்லி கொடுக்கவில்லை.

“திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கண்ணே.”

“பெல்ட்டுக்கெல்லாம் எவன் எழுதிக் குடுக்கிறான்? வெச்சிட்டுப் போப்பா.”

“எங்க மாமா பெல்ட்டு எங்க போச்சுண்ணே?”

ஸ்டோர்காரர் தன் பின்னால் இருந்த அலமாரியைப் பார்க்காமல் இருக்க முயன்றார். பிறகு பேனாவைத் தேடினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒல்லி பெல்ட்டைக் கவுண்டர் பலகையில் விரித்தான். தோள்பட்டைகளை நேராக இழுத்து, முறுக்கு எடுத்து, எழுத்து மேலே வரும்படி வைத்தான். சாப்பாட்டுப் பையைத் திறந்து கேமராவை எடுத்தான். வாட்ச்மேன் கத்தினார். ஆபீஸ் ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

மஞ்சள் எழுத்து கேமராச் சட்டத்தின் நட்டநடுவில் வரும்வரை ஒல்லி குனிந்து பார்த்தான். ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை என்று உறுதியானதும் அழுத்தினான்.