தலைகீழாய் நின்ற சேறு

ஐஸ் அண்ணியைத் தெரியாதவர்கள் அந்தக் குடியிருப்பில் கிடையாது. கடலடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்து வந்து, துருவப் பனியின் பூர்வீகத்தைத் துழாவுகிற உத்தியோகம். அறிவுக்குக் குறைச்சல் இல்லை. வாய்க்கும்தான்.

போன மாதம் அவள் கொழுந்தனார் ஆசையாகத் தன் வகுப்பில் பேசக் கூப்பிட்டார். அவர் பள்ளியில் புவியியல் எடுப்பவர். நிலத்தட்டுகள் நகர்ந்து தென்துருவக் கண்டம் தனியாகப் பிரிந்தது, இடையே கடல்வழி திறந்தது, நீரோட்டம் அதைச் சுற்றி வளைத்து ஓட, வெதுவெதுப்பான தண்ணீர் கிட்டே நெருங்க முடியவில்லை, பனி வளர்ந்தது. வருஷா வருஷம் அவர் நடத்துவது இதைத்தான். அண்ணி போன வேகத்தில் கரும்பலகையில் இருந்த அவர் படத்தைக் கையாலேயே அழித்தாள்.

"உங்க சார் அந்தக் காலத்து ஆளு. சேத்துல அடியில இருக்கறதுதான் பழசு. என் சேத்துல பனிதான் முதல்ல வருது, நீரோட்டம் பின்னாடிதான்."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். கொழுந்தனாரும் சேர்ந்து சிரித்துவைத்தார். மறுநாளிலிருந்து அண்ணி சொன்னதையே பாடமாக நடத்தினார். என்ன மனுஷனோ.

இந்தத் திங்கட்கிழமை, சேற்றுக்குழாய்களை வைத்திருக்கும் குளிரறையில், அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், பனிப்பாறை உருகினா அதுல ஒட்டியிருந்த கல்லு கீழதானே விழும்?"

"பின்ன, பறக்குமா?"

"இல்ல, இங்க கல்லுக்கு மேல சேறு குழிஞ்சிருக்கு. அதான் கேட்டேன்."

அண்ணி குழாயைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தாள். விழுகிற கல் தனக்குக் கீழே உள்ள சேற்றைத்தான் அமுக்கும். மேலே குழி என்றால் குழாயே தலைகீழ்; எது முதலில் வந்தது என்ற கணக்கும் தலைகீழ். மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி என்பது அவர்கள் வழக்கம். கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே, "யாரும் தொடாதீங்க, நானே போடுறேன்" என்று மூடிகளை மாற்றி மாட்டியவள் அவளேதான். பழிபோடக்கூட ஆள் இல்லை.

அந்தச் சேற்றை நம்பி வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். முகம் தெரியாதவர்களிடம் தப்பை ஒப்புக்கொள்வது சுலபம். பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை என்பதுதான் உறுத்தியது. கொழுந்தனாரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கென்ன அண்ணி, நானே பிள்ளைங்ககிட்ட பக்குவமா சொல்லிடறேன். நீங்க எதுக்கு அலையணும்?"

அப்படியே நழுவிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்தான். மறைப்பானேன்.

"வேணாம் தம்பி. நானே வரேன்."

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னாள். முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"அப்போ பரீட்சையில எதை எழுதணும் மிஸ்?"

"உங்க சார் முதல்ல சொன்னதை எழுதுங்க. அதுக்கு எதிரா சாட்சி சொல்ல என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கு நாங்க சாரைப் பாத்துச் சிரிச்சோமே?"

கொழுந்தனார் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். பேருந்தில் அந்தப் பள்ளிச் சீருடை ஒன்றாவது உட்கார்ந்திருக்கும் என்ற பயம்.