செமிகோலன் அச்சுப்பிழை அல்ல

ஜெசிந்தா மேரி டிப்ளமோவில் எல்லாத் தாள்களையும் முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சி புரோகிராமிங். நான்கு முறை எழுதி நான்கு முறையும் விழுந்தாள். நெட்டுருப் போட்டு எழுதக்கூடிய கேள்விகளில் அவளை மிஞ்ச ஆளில்லை. சின்னச் சின்ன புரோகிராம்களைக் கொடுத்து, 'இதன் அவுட்புட் என்ன?' என்று கேட்கும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்கினாள். அவளோடு படித்த அரியூர் செல்வகுமாரிக்கும் அதே தாள்தான் தொண்டையில் மாட்டிய முள்.

இருவரும் சேதராப்பட்டில், மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார்கள். டிப்ளமோ முடித்தவர்களைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதே மாதம் கல்லூரியிலிருந்தும் செய்தி வந்தது. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் புதிய பாடத்திட்டத்துக்கு மாறி ஆறு தாள்களைப் புதிதாக எழுத வேண்டும்.

"ஆறா! அதுக்கு நான் ஆறு புள்ள பெத்துடுவேன்டி" என்றாள் செல்வகுமாரி.

"பேசிக்கினே இருந்தா இதுவும் போயிடும். நாளையிலிருந்து பஸ்ஸுல படிக்கிறோம்" என்றாள் ஜெசிந்தா.

கம்பெனி பஸ் அரியூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும். செல்வகுமாரி முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். வில்லியனூரில் ஜெசிந்தா ஏறுவாள். ஆளுக்கொரு புரோகிராமை எழுதிக் கொண்டுவந்து மற்றவளிடம் கொடுக்க வேண்டும். பஸ் பத்துக்கண்ணு நிறுத்தத்துக்கு வருவதற்குள் அவுட்புட்டை எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு போனில் அதே புரோகிராமை ஓட்டிப் பார்த்து யார் சரி, யார் தப்பு என்று முடிவு செய்வார்கள்.

முதல் வாரம் ஜெசிந்தா எல்லாவற்றிலும் தோற்றாள். ஏன் தோற்கிறோம் என்று உட்கார்ந்து பார்த்தபோது அவளுக்கே ஒன்று புரிந்தது. அவள் புரோகிராமைப் படிக்கவே இல்லை. முதல் வரியைப் பார்த்ததுமே, 'ஓ, இது கூட்டல் கணக்கு', 'இது பெருக்கல் வாய்ப்பாடு' என்று முடிவுகட்டி, மீதியை ஊகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வழியை மாற்றினாள். நோட்டில், எண்ணைத் தாங்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டாள். i-க்கு ஒன்று, a-க்கு ஒன்று. புரோகிராமில் ஒரு வரி நகர்ந்தால் பழைய எண்ணை அடித்துவிட்டுக் கீழே புது எண்ணை எழுதுவாள். அடுத்த வரியை விரலால் மூடிக்கொள்வாள். முன்கூட்டி எதையும் நினைப்பதில்லை.

"இன்னாடி இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி" என்று செல்வகுமாரி கேலி செய்தாள். அவள் வேகக்காரி. பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடுவாள். பத்தில் ஏழு சரியாகவும் இருக்கும்.

"உனக்கு மூளை இருக்குது, நீ பாத்து எழுது. எனக்கு வெரல்தான் இருக்குது" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பத்தில் ஒன்பது சரியாக வந்தது. பஸ் குலுங்கிக் குலுங்கி அவள் போட்ட கட்டங்களெல்லாம் கோணல்மாணலாக இருந்தன. கணக்கு மட்டும் கோணவில்லை.

பரீட்சை அன்று இருவருக்கும் வேறு வேறு அறை. ஐந்து புரோகிராம்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். முதல் இரண்டையும் ஜெசிந்தா முடித்துவிட்டு மூன்றாவதுக்கு வந்தாள். மூன்றே வரிகள்.

int i;
for(i=1; i<=5; i++);
printf("%d ", i);

பார்த்தவுடன் கை '1 2 3 4 5' என்று எழுதத் துடித்தது. வகுப்பில் நூறு முறை பார்த்த புரோகிராம். ஒன்றிலிருந்து ஐந்துவரை அச்சிடு, அவ்வளவுதான். விரலை வைத்து மூடி ஒவ்வொரு எழுத்தாகப் போனபோதுதான் இரண்டாவது வரியின் கடைசியில் ஒரு செமிகோலனைக் கண்டாள்.

வழக்கமாக அங்கே அது இருக்காது. இருந்தால் கதையே மாறிவிடும். 'அடுத்து வருவதை ஐந்து முறை செய்' என்பதுதான் அந்த வரியின் கட்டளை. அங்கேயே முற்றுப்புள்ளி மாதிரி ஒரு செமிகோலனை வைத்துவிட்டால், செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் கட்டளை முடிந்துபோகும். எண் மட்டும் ஒன்று, இரண்டு என்று ஏறி, ஆறு ஆனதும் வெளியே வந்துவிடும். அச்சிடும் வரி அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் ஓடும். விடை 6.

ஆனால் அது வேண்டுமென்றே வைத்ததா, அச்சுப்பிழையா?

பின் வரிசையில் யாரோ எழுந்து, "சார், மூணாவதுல செமிகோலன் தப்பா விழுந்துருக்குதா?" என்று கேட்டார்கள். மேற்பார்வையாளர் சிவில் துறைக்காரர். வினாத்தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எனக்குத் தெரியாதுப்பா. தாள்ல இன்னா இருக்குதோ அதுக்கு எழுதுங்க."

ஜெசிந்தா விடைத்தாளின் ஓரத்தில் கட்டம் போட்டாள். 1, 2, 3, 4, 5 என்று ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் 6 எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நான்காவதுக்குப் போனாள்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. செல்வகுமாரி நாற்பத்தொன்று, பாஸ். ஜெசிந்தா முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நாற்பது.

அன்று பஸ்ஸில் செல்வகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாஸான சந்தோஷத்தை முகத்தில் காட்டக் கூச்சப்பட்டாள். "புதுத் திட்டத்துல சேர்ந்துக்கலாம்டி. நான் நோட்ஸ் வாங்கித் தர்றேன்" என்றாள். ஊசுட்டேரி தாண்டும்போது ஜெசிந்தா, "நான் பேப்பர் நகல் கேக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

விடைத்தாளின் நகல் வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. மூன்றாவது புரோகிராமில் அவள் போட்ட வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கத்திலேயே திருத்தியவர் '1 2 3 4 5' என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருந்தார். ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரவில்லை. சரியாகச் செய்ததற்குப் பூஜ்யம் வாங்கியது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தப்பாகச் செய்து வாங்கிய பூஜ்யங்களைவிட இது வேறு மாதிரி சுட்டது.

மறுநாள் பஸ்ஸில் செல்வகுமாரியிடம் காட்டினாள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றும் சொன்னாள். செல்வகுமாரியின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நான் இன்னா எழுதனேன்னு தெரியுமா?"

"இன்னா எழுதன?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." செல்வகுமாரி நகலை மடித்து அவள் மடியில் வைத்தாள். "விடை ஆறுன்னு நீ எழுதிக் குடுத்தா எல்லாரோட பேப்பரையும் திரும்ப எடுப்பாங்க. எனக்கு மூணு போச்சுன்னா முப்பத்தெட்டு. வூட்டுல இனிப்பு வாங்கி தெருவுக்கே குடுத்தாச்சு ஜெசி. மேனேஜர்கிட்ட சர்ட்டிபிகேட் நகல் குடுத்தாச்சு."

"அப்போ நான் ஆறு பேப்பர் எழுதணுமா?"

"எழுதிக் குடுக்காதன்னு சொல்லல." செல்வகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே, "ஆமா, சொல்றேன். எழுதிக் குடுக்காத" என்றாள்.

புதன்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு ஜெசிந்தா கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். ஒருத்தி விண்ணப்பித்தால் மற்றவர்களின் மதிப்பெண் குறையுமா என்று எழுத்தரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா. எல்லாரும் கூட்டல்ல தப்புன்னுதான் வருவாங்க. விடையே தப்புன்னு நீதான் வந்துருக்க. மேல அனுப்புவோம், அவங்க இன்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

வீட்டில் அவள் அம்மா அந்தோணி மேரி ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூணு மார்க்குக்காக சிநேகிதத்த ஒடச்சிக்காதடி. வுட்டுடு" என்றாள்.

ஜெசிந்தாவும் விட்டுவிடலாமா என்று நினைத்துத்தான் பார்த்தாள். வியாழக்கிழமை முழுக்க பெல்ட்டில் வரும் மூடிகளை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கியபடியே அதைத்தான் யோசித்தாள். செல்வகுமாரி தன்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. தானும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கப் போவதில்லை. தாளில் இருந்தது ஒரு செமிகோலன், அதற்கு விடை ஆறு. அதை '1 2 3 4 5' என்று ஒத்துக்கொண்டு வாயை மூடினால், இரண்டு மாதம் குலுங்குகிற பஸ்ஸில் கட்டம் போட்டதெல்லாம் என்னவாகும்? ஷிப்டு முடிவதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் ஒப்பவில்லை. கைகழுவும் இடத்தில் செல்வகுமாரியைத் தேடிப்போய், "நாளைக்குக் குடுக்கப் போறேன்" என்றாள்.

செல்வகுமாரி கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

விண்ணப்பத்தோடு ஜெசிந்தா ஒரு தாளை இணைத்தாள். அதில் வாதம் எதுவும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒரு கட்டம் மட்டும் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் i எவ்வளவு, நிபந்தனை சரியா தவறா, என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினாள். 'என்ன நடந்தது' என்ற கட்டத்தில் ஐந்து முறையும் 'ஒன்றுமில்லை' என்றே வந்தது. கீழே, 'வினாத்தாளில் செமிகோலன் அச்சிடப்பட்டுள்ளது. அச்சிடப்பட்டதற்கு இதுவே விடை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டபின் பேனாவை மூடாமல் இன்னொரு வரியையும் சேர்த்தாள்: 'அது அச்சுப்பிழையாக இருந்தால் 1 2 3 4 5 என்று எழுதியவர்களையும் குறை சொல்ல முடியாது.'

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியபோது ஜன்னலோர இருக்கையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். செல்வகுமாரி நாலு வரிசை தள்ளி, காதில் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா கம்பியைப் பிடித்து நின்றபடியே சேதராப்பட்டு வரைக்கும் போனாள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. சாப்பாட்டு நேரத்தில்கூட ஆளுக்கொரு மூலை. இடையில் ஒரு நாள், கல்லூரிக்குப் போன் பண்ணி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. எண்ணைக்கூட எடுத்துவிட்டாள். அழுத்தவில்லை.

நாலாவது வாரம் செல்வகுமாரி தன் டிபன் பாக்சோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போன்ல போட்டுப் பாத்தேன்."

"எத?"

"எதன்னு கேளு! நாலு தடவ போட்டேன். நாலு தடவயும் ஆறுதான் வருது." அவள் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவளுக்கே நிச்சயமில்லை. "நான் அத அச்சுப்பிழைன்னு நெனைக்கல ஜெசி. அந்தச் செமிகோலன பாக்கவே இல்ல. இன்னா வேகம், இன்னா வேகம்னு பீத்திக்கினேன் இல்ல."

"நீ மத்த நாலும் சரியாதான போட்ட."

"என்ன தேத்தாத. எனக்கு மூணு மார்க்கு போச்சுன்னா உன்ன சும்மா வுட மாட்டேன், சொல்லிட்டேன். ஆனா ஆறுதான்." டிபன் பாக்சிலிருந்த முட்டையில் பாதியைப் பிட்டு ஜெசிந்தாவின் தட்டில் வைத்தாள். "தின்னு. நின்னுக்கினே வர்றியே, காலு வலிக்கலயா?"

"வலிக்குது" என்றாள் ஜெசிந்தா.

மார்ச் கடைசியில் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை அரை ஷிப்டு முடிந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள். போகும் வழியெல்லாம் செல்வகுமாரி துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தாள்.

எழுத்தர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மூன்றாவது புரோகிராமுக்கு 6 என்பதே சரியான விடை. அப்படி எழுதிய அனைவருக்கும் மூன்று மதிப்பெண் வழங்கப்படும். வினாத்தாளில் தெளிவின்மைக்கு இடமிருந்ததால், ஏற்கெனவே வழங்கிய மதிப்பெண் யாருக்கும் குறைக்கப்படாது.

"யாருக்கும்னா?" செல்வகுமாரி கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக் கேட்டாள்.

"யாருக்கும்னா யாருக்கும்தாம்மா."

செல்வகுமாரி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எழுத்தர் ஜெசிந்தாவின் புது மதிப்பெண் பட்டியலை நீட்டினார். நாற்பத்தொன்று.

"நம்ம காலேஜ்ல மட்டும் உன்னால இன்னும் நாலு பேர் பாஸும்மா" என்றார் அவர். "பாகூர்ல ஒரு பொண்ணு, லில்லின்னு பேரு. அதுவும் ஆறுதான் எழுதியிருந்துச்சு. பெயில்னு தெரிஞ்சதும் எதுவுமே கேக்காம வூட்டுல உக்காந்துட்டுருந்துதாம். காலையில போன் பண்ணிச் சொன்னேன், நம்பவே இல்ல."

ஜெசிந்தா பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த லில்லியை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணும் பரீட்சை அறையில் விரலை வைத்து மூடிக்கொண்டு படித்திருப்பாளோ என்று நினைத்தபோதுதான், இத்தனை நாளாக வராத அழுகை அவளுக்கு வந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் மேனேஜர் இருவரையும் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார். ஜெசிந்தாவுக்குக் காலை ஷிப்டு, செல்வகுமாரிக்கு மதிய ஷிப்டு. ஒரே பஸ்ஸில் இனிப் போக முடியாது. ஒருத்தி வெளியே வரும்போது மற்றவள் உள்ளே போவாள். கேட்டருகே இரண்டு நிமிடம் கிடைக்கும். முதல் நாள் அந்த இரண்டு நிமிடத்தில் செல்வகுமாரி, மூடியின் விட்டத்தை அளக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டாள். ஜெசிந்தா வெறுங்கையால் பிடித்துக் காட்டினாள்.

"மெதுவா புடி" என்றாள். "அவசரப்பட்டா அளவு தப்பா காட்டும்."

"போடி" என்று சொல்லிவிட்டு, செல்வகுமாரி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.