பெயிண்டரின் புது போன்

பெயிண்டர் தன் பழைய போனைப் பெயிண்ட் வாளிக்குள் தவறவிட்ட மறுநாளே அவர் மனைவி புதுசு வாங்கி வந்துவிட்டாள். கடையிலேயே விலை குறைந்தது அதுதான். இந்த விலைக்கு போன் வராது, பொம்மைதான் வரும் என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். அவர் பெயிண்ட் அடிக்கும் சுவர்களுக்கெல்லாம் முதலில் வெள்ளைப் பட்டி பூசி மேடுபள்ளம் நிரவுபவள் அவள். வாய் சும்மா இருக்குமா?

"மலிவா கிடைச்சா மட்டம்னா, உங்களையும் அப்படித்தான் சொல்லணும்."

அன்று ஒரு மாடி வீட்டு ஹாலில் மாதிரிக்காக ஒரு சுவரை முடித்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா வெளியூரில் இருந்தார். படம் பார்த்து அந்த வெளிர்சாம்பல் நிறம் பிடித்துவிட்டால் ஆறு அறையும் இவர்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆள். மழைக்காலத்துக்கு முன் கண்ணில் பட்ட ஒரே பெரிய வேலை அது.

பழைய போன் எதைப் படம் எடுத்தாலும் நீலமாகக் காட்டும். அதற்குப் பெயிண்டர் ஒரு வித்தை வைத்திருந்தார். சுவருக்குப் பக்கத்தில் மஞ்சள் பல்பை எரியவிட்டு எடுப்பார். நீலம் அடங்கி நிறம் அச்சு அசலாக வந்துவிடும். நாலு வருடப் பழக்கத்தில் இன்றும் கை தானாகப் பல்பை மாட்டியது. கண்ணாடிகூடப் போடாமல் படத்தை எடுத்து வீட்டுக்காரம்மாவுக்குத் தட்டிவிட்டார்.

இரண்டே நிமிடத்தில் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். "என்ன பெயிண்டரே, சுவருக்கு மஞ்சக்காமாலையா? நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பெயிண்டர் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நிமிடம் வாங்கினார். பிறகு போனைப் பிடித்துத் திட்டினார். மனைவி படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்ப் பல்பை அணைத்தாள்.

"அது பாத்ததைத்தாங்க காட்டுது. இப்ப எடுங்க."

எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரையிலும் அதே சாம்பல், சுவரிலும் அதே சாம்பல். திட்ட ஒன்றும் கிடைக்காமல் அனுப்பி வைத்தார்.

இந்தத் தடவை வீட்டுக்காரம்மாவின் குரலில் தேன் வடிந்தது. நினைத்த நிறம் அப்படியே வந்திருக்கிறதாம். நாளைக்கே ஆறு அறையையும் ஆரம்பிக்கலாமாம். பெயிண்டர் மூச்சு விடுவதற்குள் இன்னொன்றும் சொன்னார்.

"படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ரெண்டாவது கோட்டிங் விட்டுப்போச்சு. அதை முடிச்சு இன்னொரு படம் அனுப்புங்க."

பெயிண்டர் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றைக் கோட்டிங்கின் அடியில் பட்டி பல்லிளித்தது. பழைய போன் இப்படியெல்லாம் காட்டிக்கொடுக்காது என்று முனகிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தார்.

மனைவி போனை நீட்டிப் பிடித்தபடி அவர் பின்னால் வந்து நின்றாள். "நல்லா அடிங்க. இனிமே நமக்கு மேஸ்திரி இதுதான்."