அடைக்காமல் விட்ட ஓட்டை

எங்கள் சபையில் ராகுவும் கேதுவும் கிடையாது. வீட்டில் உண்டு. என் மாமியார் தேவகனி ஒரு ஞாயிறும் ஆராதனை தவறமாட்டாள். ஆனாலும் தை பிறக்கும்போது சூரிய கிரகணம் என்று தக்கலைச் சந்தையில் கேட்டுவந்த நாளிலிருந்து என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அப்போது எனக்கு எட்டு மாதம்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் முதல் பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தது. பால் குடிக்க முடியாமல் பதினோராம் நாள் போய்விட்டது. கிரகணத்தன்று நான் வெள்ளரிக்காய் நறுக்கியதுதான் காரணம் என்று ஊரே சொன்னது. அன்று கிரகணம் என்பதே எனக்குத் தெரியாது. பெருவெள்ளம் வந்த கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் இரண்டாவது, வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்கு நான் எதை நறுக்கினேன் என்று யாரும் சொல்லவில்லை.

கிரகணத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் ஆபேல் கூரைமேல் ஏறி, ஓலையில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் பழந்துணி திணித்தார். மாமியார் அறைக்குள் நின்று வெளிச்சம் தெரிந்த இடமெல்லாம் கை காட்டினாள்.

“ஏலே ஆபேலு, அந்த மூலையில இன்னும் தெரியுது பாரு. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வரப்பிடாது.”

மறுநாள் காலை என்னை அங்கே விட்டு, சன்னலைச் சாக்கால் அடைத்தாள்.

“ஏட்டி ராகேலு, மலந்து படு. எதையும் கிள்ளாத, முறிக்காத. தண்ணியும் குடிக்கப்பிடாது, கேட்டியா?”

தலையாட்டினேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவளிடம் நான் ஒன்றை மறைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. இரண்டாவதும் இப்படித்தான் அடங்கியது. சொன்னால் மாமியார் அழுவாள். அவள் அழுதால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

இருட்டு கண்ணுக்குப் பழகியதும் தரையில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரிந்தது. கூரை உச்சியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்று ஆபேலுக்குத் தப்பியிருந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வட்டத்தின் ஓரம், யாரோ கடித்த தோசை போல் குறைந்தது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். இன்னும் குறைந்து பிறையாயிற்று. அப்போதுதான் புரிந்தது, தரையில் கிடப்பது சூரியனேதான். மற்ற ஓட்டைகளை எல்லாம் அடைத்து, நான் பார்க்கவே கூடாததை எனக்குத் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன். வெளியே கோழிகள் கூட்டுக்கு ஓடின. மாமியார் உரக்க ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அதில் என் பெயரும் வந்தது.

பிறை, வெட்டிப்போட்ட நகம் போல் மெலிந்தது. அணைந்துவிடும் என்றே நினைத்தேன். அணையவில்லை. மெதுவாகத் தடிக்கத் தொடங்கியது. தடித்துக்கொண்டே என் பக்கம் நகர்ந்து வந்து பாயில் ஏறியது. இனி வயிற்றில்தான் விழும். கொஞ்சம் விலகிப் படுத்தால் போதும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு அதை வயிற்றில் வாங்கும் துணிச்சல் எங்கிருந்து வரும்? ஆனால் அது தேய்ந்ததையும் மீண்டதையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். காலையிலிருந்து எனக்குத் துணை அது ஒன்றுதான். வரட்டும் என்று அசையாமல் கிடந்தேன்.

வயிற்றில் ஏறியபோது முக்கால் வட்டம் இருக்கும். மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு உதை. வெளிச்சம் என் வயிற்றோடு துள்ளியது.

“மாமி!” என்று கத்தினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், வயிற்றில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். இப்போது வெளிச்சம் அவள் புறங்கையில் விழுந்தது. பிள்ளை அவளையும் உதைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபேல் கையில் துணியோடு ஓடிவந்தார். “ஓட்டை எங்கம்மா?”

மாமியார் கையை எடுக்கவில்லை. “போலே. அது அங்கன கெடக்கட்டும்.”

மாசியில் பெண் பிறந்தாள். ஆணா பெண்ணா என்று மாமியார் கேட்கவில்லை. பிள்ளையின் மேலுதட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.