நகரும் கட்டி

சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். மேலுடம்பில் ஒன்றும் இல்லை. மாமி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"தம்பி, அப்பிடியே நில்லுங்கோ. முதுகில என்ன அது?"

வலது தோளுக்குக் கீழே ஒரு புடைப்பு. எனக்கு முன்பே தெரியும். பஸ்சில் சாய்ந்து உட்காரும்போது தட்டுப்படும். வலிக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி அக்னெஸ் இல்லாத முதல் குளிர்காலம் அது. அவளுக்கும் ஒரு கட்டியில்தான் தொடங்கியது, மார்பில். ஒன்றுமில்லை, கொழுப்பு என்று ஒரு டொக்டர் சிரித்தபடி அனுப்பிவைத்தார். அடுத்த டொக்டர் சிரிக்கவில்லை.

மாமி அவளுடைய தாய். பிலோமினம்மா. என் மகள் அனோஜினியைப் பார்த்துக்கொள்ள எங்கள் மொன்ட்ரியால்-நோர் வீட்டில் தங்கியிருந்தார். அன்று பின்னேரமே சுண்ணாம்பையும் சர்க்கரையையும் குழைத்துக்கொண்டு வந்தார்.

"கட்டி கரையும். இல்லாட்டி பழுத்து உடையும்."

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவன். சுண்ணாம்பு தோலை என்ன செய்யும் என்று தெரியும். மறுத்துப் பேச மனம் எழவில்லை. திரும்பி உட்கார்ந்தேன். மருமகன் உடம்பில் கைபடக் கூடாது என்று கரண்டியின் பின்புறத்தால் பூசினார். மேலே ஒரு துணி. மறுநாளும் பூசினார். அதற்கடுத்த நாளும்.

தோல் வெந்தது. பிறகு சிவந்து இறுகியது. கட்டி இரண்டு மடங்காகத் தெரிந்தது. மாமி பூசுவதை நிறுத்தினார். என்னோடு கதைப்பதையும் நிறுத்தினார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் நிஷானோடு மட்டும் தொலைபேசியில் கதைத்தார். எங்கள் குசினிக் கதவு முழுதாக மூடாது; அடுப்படியில் நின்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவளுக்கு வந்த மாதிரித்தான்ரா. தேப்பன் சாகிறதையும் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கவேணுமே? நீ வந்து கூட்டிக்கொண்டு போ. பேந்து அங்கயே பள்ளிக்கூடத்தில விடுவம்."

அதன் பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் இளம் பெண். அழுத்திப் பார்த்தார். தோலைக் கிள்ளி உயர்த்தப் பார்த்தார். அது உயரவில்லை. கொழுப்புக் கட்டி என்றால் பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருக்கும் என்றார். விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் வழுக்கி நகரும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தொந்தரவு செய்யாவிட்டால் அதைத் தொடவே தேவையில்லை. இது அப்படி இல்லை. இறுகித் தோலோடு ஒட்டியிருக்கிறது. ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார்.

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமேல் தொட்டுச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். எனக்கு அது தேவையா என்று நினைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன்.

முடிவு கேட்டுத் திரும்பி வந்த நாள், வீட்டின் முன்னால் நிஷானின் கார் நின்றது. கதவடியில் அனோஜினியின் குட்டிப் பெட்டி. வீட்டுக்குள்ளேயே அவளுக்குப் பனிச் சப்பாத்து போட்டுவிட்டிருந்தார்கள்.

"அத்தான், கோவிக்காதேங்கோ," என்றான் நிஷான். "கொஞ்ச நாளைக்குத்தான்."

"என்னைப் பெட்டியில வைக்கிற வரைக்குமோ?"

"என்ன கதை அத்தான் இது! ரொறன்ரோ எண்டால் பிள்ளை தமிழாவது கதைக்கும். இஞ்ச பக்கத்து வீட்டுப் பூனையோடயும் பிரெஞ்சில கதைக்குது."

"மறுமொழி வந்திட்டுது," என்றேன். "கொழுப்புத்தான். சிவந்ததும் இறுகினதும் சுண்ணாம்பால."

மாமியின் முகம் அசையவில்லை. "அக்னெசுக்கும் கொழுப்பெண்டுதான் சொன்னவங்கள்."

டொக்டர் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார், முன்கையில், கடலை அளவில். சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.

"இதுகும் அதுதான். சில பேருக்கு ஒண்டுக்கு மேல கனக்க வருமாம். குடும்பத்துக்குள்ளயும் வருமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம். தொட்டுப் பாருங்கோ, மாமி."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"தொடுங்கோ. தொடாமல் பிள்ளையைத் தரமாட்டன்."

மாமி கையைச் சேலையில் துடைத்தார். ஒரு விரல் மட்டும் வந்தது. கட்டி வழுக்கி விலகியது. மறுபடி தள்ளினார். மறுபடியும் விலகியது. விரலை எடுக்காமலே நின்றார்.

"அவளின்ர நகரேல்லை," என்றார். "ஆஸ்பத்திரிக்கு முதலே நான் தொட்டுப் பாத்தனான். கல்லு மாதிரி. டொக்டர் ஒண்டுமில்லை எண்டவர். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்."

அனோஜினி சப்பாத்துக் கால்களால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை உள்ளுக்கு வையடா," என்றார் மாமி நிஷானிடம்.

அவன் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தனியே புறப்பட்டான். பின்னேரம் மாமி பிள்ளையைக் குளிக்கக் கூட்டிப்போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அனோஜினி கூச்சத்தில் சிரித்தாள். பிறகு தண்ணீர் நின்றது. சிரிப்பும் நின்றது.

"அசையாமல் நில்லு. கையைத் தூக்கு."

"நோகுது, அம்மம்மா."

"பொறு. இன்னும் தொட்டுப் பாத்து முடியேல்லை."

நான் கதவைத் திறந்தேன்.